இது யார் பாட்டு?
இசையைக் கண்டடையும் செயலிகளும் இசைத்தொழிலும்: ஒரு சொற்பொழிவு



இசைத்தொழிலில் இருப்பவரிடம் "பாட்டு எப்படிப் போகிறது?" என்று கேட்டால் உடனே கைபேசியைத் திறந்து எண்ணைக் காட்டுவார். யூடியூபில் இத்தனை லட்சம் பார்வை, ஸ்பாட்டிஃபையில் இத்தனை முறை ஒலித்திருக்கிறது, ரீல்ஸில் இத்தனை பேர் எடுத்திருக்கிறார்கள் என்று சொல்வார். அந்த எண்களெல்லாம் பாட்டு பரவிய பிறகு வருபவை. அதற்கும் முன்னால் ஒரு கணம் உண்டு. எங்கோ ஒலிக்கும் ஒரு பாட்டு ஒருவர் காதில் விழுகிறது. அவர் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து "இது யார் பாட்டு?" என்று கேட்கிறார். தெரிந்தவர் சொல்கிறார். ஒரு பாட்டுக்கு முதல் ரசிகர் கிடைப்பது அங்கேதான்.

கடந்த இருபது, இருபத்தைந்து ஆண்டுகளில் அந்தக் கேள்வியும் பதிலும் கைபேசிக்குள் குடியேறிவிட்டன. அவற்றைப் பதிவுசெய்யக் கற்றுக்கொண்ட செயலிகளால் இசைத்தொழிலுக்குப் பெரிய பயன் விளைந்திருக்கிறது. அந்தப் பயன் நிலைக்க வேண்டுமானால் இரண்டு பெயர்கள் அழியாமல் இருக்க வேண்டும். ஒன்று பாட்டைச் செய்தவரின் பெயர், இன்னொன்று அதை நமக்குச் சொன்னவரின் பெயர். இதுதான் இன்று என் கட்சி.

இந்த இரண்டு பெயர்களையும் சேர்த்தே ஒலிபரப்பிய ஓர் அமைப்பு நம் காதுகளுக்குப் பழக்கமானது. 1952இல் பி.வி.கேஸ்கர் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பிறகு அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டுகள் ஏறக்குறைய நின்றுபோயின. நேயர்கள் முள்ளை இலங்கை வானொலிப் பக்கம் திருப்பினார்கள். எஸ்.பி.மயில்வாகனம், கே.எஸ்.ராஜா, பி.எச்.அப்துல் ஹமீத் போன்ற அறிவிப்பாளர்கள் தமிழ்நாட்டிலும் வீட்டுப் பெயர்களானார்கள். நேயர் விருப்பத்தில் பாட்டைக் கேட்டு எழுதியவர்களின் பெயரும் ஊரும் வாசிக்கப்படும். தொடர்ந்து படத்தின் பெயர், பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர். பாட்டைக் கேட்டவர் யார், செய்தவர் யார் என்று இரண்டும் ஒரே மூச்சில் வந்துவிடும். மதுரையில் ஒருவர் விரும்பிய பாட்டு மட்டக்களப்பில் ஒருவருக்கு அறிமுகமாகும். இன்றைக்கு 'சமூகவழி இசைக் கண்டறிதல்' என்று சொல்கிறார்களே, அதன் வேலை முழுவதும் அங்கே நடந்துகொண்டிருந்தது. அந்தத் தபாலட்டைகளில் இருந்த தகவலை எண்ணிப் பார்க்கவும் சேர்த்து வைக்கவும்தான் அன்று வழியில்லை.

அந்த வழி 2002இல் திறந்தது. அந்த ஆண்டு ஆகஸ்டில் பிரிட்டனில் ஷஸாம் என்ற சேவை வந்தது. தொடங்கியவர்கள் கிறிஸ் பார்ட்டன், ஃபிலிப் இங்கல்பிரெக்ட், தீரஜ் முகர்ஜி, ஏவரி வாங் ஆகிய நால்வர். அப்போது ஐபோன் கிடையாது, ஆப் என்ற பேச்சே கிடையாது. சாதாரண பட்டன் போனில் 2580 என்று அழுத்த வேண்டும். போனின் நடுவரிசைப் பட்டன்களை மேலிருந்து கீழே அழுத்தினால் அந்த எண் வந்துவிடும், இருட்டிலும் விரல் தவறாது. போனைப் பாட்டு வரும் திசையில் நீட்டிப் பிடித்தால் அரை நிமிடத்தில் இணைப்பு தானாகத் துண்டிக்கப்படும். கொஞ்ச நேரத்தில் பாட்டின் பெயரும் பாடியவர் பெயரும் எஸ்.எம்.எஸ்.ஸில் வரும்.

இரைச்சல் மிகுந்த மதுக்கடையில், மட்டமான போன் மைக்கில் பிடித்த துண்டு ஒலியிலிருந்து பாட்டை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்தத் தொழில்நுட்பத்தின் பலமும் பலவீனமும் நம் இசையைத் தொடுபவை. ஏவரி வாங் 2003இல் ஓர் ஆய்வுக்கட்டுரையில் அந்த முறையை விளக்கினார். ஒலியை ஒரு படமாக வரைந்துகொள்கிறார்கள். இடமிருந்து வலம் நேரம், கீழிருந்து மேல் ஒலியின் அலைவெண். அந்தப் படத்தில் எங்கெல்லாம் ஒலி ஓங்கி நிற்கிறதோ அந்தப் புள்ளிகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் அழித்துவிடுகிறார்கள். மிஞ்சுவது இரவு வானத்து நட்சத்திரப் படம் போல இருக்கும், அவர் கொடுத்த பெயரும் அதுதான். பிறகு இரண்டிரண்டு புள்ளிகளாகச் சேர்க்கிறார்கள். முதல் புள்ளியின் அலைவெண், இரண்டாவதின் அலைவெண், இரண்டுக்கும் நடுவில் கழிந்த நேரம். இந்த மூன்றும் சேர்ந்து ஒரு சிறிய எண்ணாகிறது. ஒரு பாட்டிலிருந்து இப்படி ஆயிரக்கணக்கான எண்கள் கிடைக்கும். போனிலிருந்து வந்த எண்களும் களஞ்சியத்தில் இருக்கும் ஒரு பாட்டின் எண்களும் ஒரே நேர இடைவெளியில் வரிசையாகப் பொருந்தினால் அதுதான் பாட்டு. இரைச்சல் பல புள்ளிகளை மூடிவிடும், ஆனால் ஓங்கிய புள்ளிகளில் சில தப்பிவிடும். அந்தச் சில போதும்.

இந்த முறை தேடுவது குறிப்பிட்ட ஒரு ஒலிப்பதிவை. அதே பாட்டை அதே பாடகர் மேடையில் பாடினால் அதற்குத் தெரியாது, ஏனென்றால் புள்ளிகள் ஒவ்வொன்றும் நூலளவு இடம் மாறியிருக்கும். கச்சேரியில் கேட்கும் கீர்த்தனையை ஷஸாம் சொல்லாது. கோயில் திருவிழாவில் நாதசுரத்தில் வாசிக்கும் மல்லாரியைச் சொல்லாது. பதிவாகி, உரியவர் விவரத்தோடு களஞ்சியத்தில் ஏற்றப்பட்ட இசைக்கு மட்டுமே அதன் உலகத்தில் இடம். நம் இசையின் பெரும்பகுதி அந்தக் களஞ்சியத்துக்கு வெளியே இருக்கிறது. பாட்டை முணுமுணுத்தாலே கண்டுபிடிக்கும் வசதியை கூகுள் 2020 அக்டோபரில் தந்தது. அது மெட்டின் போக்கைப் பிடித்துத் தேடுகிறது, அதனால் வாசல் கொஞ்சம் அகலமானது.

சரி, இசைத்தொழிலுக்கு இதில் என்ன கிடைத்தது? ஒருவர் ஒரு பாட்டைப் பத்து முறை கேட்டால் அவருக்கு அது பிடித்திருக்கிறது என்று தெரியும். ஆனால் அவருக்கு அது முன்பே தெரிந்த பாட்டு. ஷஸாமைத் திறப்பவரோ தெரியாத பாட்டுக்காகத் திறக்கிறார். பெயர் தெரியாது, முகம் தெரியாது, விளம்பரம் பார்த்ததில்லை, கேட்டதும் நின்றுவிட்டார். கலப்படமில்லாத ஆர்வம் அது. பாட்டு புகழ்பெற்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டால் அதைத் தேட வேண்டிய தேவை இருக்காது, அந்தத் தேடல் குறையத் தொடங்கும். ஆக, விற்பனைக் கணக்கு பேசத் தொடங்குவதற்கு முன்பே இந்தக் கணக்கு பேசிவிடுகிறது. எந்த ஊரில், எந்த நேரத்தில், பாட்டின் எந்த இடத்தில் ஆள் நின்றார் என்பது வரை தெரிகிறது. ஒரு புதுப் பாடகரின் பாட்டை எந்த நகரத்தில் தேடுகிறார்கள் என்று தெரிந்தால் அங்கே கச்சேரி வைக்கலாம், அந்த ஊர் வானொலிக்குப் பாட்டைக் கொடுக்கலாம். வார்னர் மியூசிக் நிறுவனம் 2014இல் ஷஸாமோடு கூட்டுச் சேர்ந்ததே, ஒப்பந்தம் ஆகாத புதியவர்களை இந்தத் தகவலைக் கொண்டு கண்டுபிடிப்பதற்காக.

இந்தத் தகவலின் விலை என்ன என்பதை வேறொரு இடத்திலும் பார்த்தோம். ஷஸாமை வாங்கப்போவதாக ஆப்பிள் 2017 டிசம்பரில் அறிவித்தது. ஐரோப்பிய ஆணையம் உடனே சம்மதம் சொல்லவில்லை, விரிவான விசாரணையைத் தொடங்கியது. ஷஸாமில் பாட்டைக் கண்டுபிடித்தவர்களில் ஏராளமானோர் அதை ஸ்பாட்டிஃபை போன்ற போட்டி நிறுவனங்களில் கேட்பவர்கள். அந்த வாடிக்கையாளர்கள் யார் என்ற விவரம் ஆப்பிள் கைக்குப் போனால் போட்டி கெட்டுவிடாதா என்பது ஆணையம் எழுப்பிய கேள்விகளில் ஒன்று. கடைசியில் 2018 செப்டம்பரில் அனுமதி கிடைத்தது. ஷஸாம் தொடங்கியதிலிருந்து 10,000 கோடி முறைக்கு மேல் பாட்டுகளைக் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டதாக 2024இல் ஆப்பிள் அறிவித்தது. அத்தனையும் மனிதர்கள் கேட்ட கேள்விகள்.

அப்படி ஒரு கேள்வி பிறப்பதைப் பார்க்க, கோவையிலிருந்து பொள்ளாச்சி போகும் தனியார் பேருந்துகளில் ஏறிப் பாருங்கள். ஓட்டுநர் தேர்ந்தெடுத்த எண்பதுகளின் பாட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். கம்பியைப் பிடித்தபடி நிற்கும் கல்லூரிப் பையன் இன்னொரு கையால் போனை ஒலிபெருக்கிக்கு நேரே தூக்குவான். திரையில் பெயர் வந்ததும் பக்கத்து நண்பனிடம் காட்டுவான், இருவரும் தலையசைத்துக்கொள்வார்கள். அந்த ஓட்டுநர் ஒரு நாளில் எத்தனை பேருக்கு எத்தனை பாட்டுகளை அறிமுகம் செய்கிறார்! எந்த நிறுவனத்தின் கணக்கிலும் அவர் இல்லை. அவரை மனதில் வைத்தே அடுத்ததைச் சொல்கிறேன்.

பாட்டைச் சொன்னவருக்கு முகம் கொடுத்த செயலி ஒன்று இருந்தது, லாஸ்ட்.எஃப்எம். இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் கணினி படித்த ரிச்சர்ட் ஜோன்ஸ், 2002 வாக்கில் ஆடியோஸ்க்ராப்ளர் என்று ஒரு சிறு நிரலை எழுதினார். நீங்கள் கணினியில் கேட்கும் ஒவ்வொரு பாட்டையும் அது குறித்துக்கொள்ளும். அதே காலத்தில் லண்டனில் நண்பர்கள் சிலர் லாஸ்ட்.எஃப்எம் என்ற இணைய வானொலியைத் தொடங்கியிருந்தார்கள். 2005இல் இரண்டும் ஒன்றாகின. உங்கள் பக்கத்தைத் திறந்தால் கடைசியாகக் கேட்ட பாட்டுகள், இந்த வாரம் அதிகம் கேட்ட கலைஞர்கள் என்று எல்லாம் இருக்கும். கூடவே 'அண்டை வீட்டார்' என்று ஒரு பட்டியல். உங்கள் ரசனையோடு ஒத்துப்போகும் ரசனை உள்ளவர்கள், உலகத்தின் எந்த மூலையில் இருந்தாலும் சரி. அவர்களில் ஒருவரின் பெயரைத் தட்டினால் அவர் கேட்பதெல்லாம் தெரியும். நீங்கள் கேட்டிராத பாட்டு அதில் இருக்கும், அதைக் கேட்பீர்கள். பிடித்தால் அவருக்கு இரண்டு வரி எழுதுவீர்கள். 2007இல் அமெரிக்காவின் சி.பி.எஸ். நிறுவனம் 14 கோடி பவுண்டுக்கு லாஸ்ட்.எஃப்எம்மை வாங்கியது.

அந்தப் பயனர்கள் கூலியில்லாமல் செய்த வேலையை நினைத்தால் எனக்கு இன்றும் மலைப்பாக இருக்கிறது. ஒவ்வொரு பாட்டுக்கும் அவர்களாகவே அடையாளச் சொற்கள் சூட்டினார்கள். மழைநேரத்துக்கு, அழுகைக்கு, பெண்குரல், எழுபதுகள் என்று லட்சக்கணக்கில். 2011இல் ஆய்வாளர்களுக்காக வெளியான பத்து லட்சம் பாட்டுகளின் தரவுத்தொகுப்போடு அந்த அடையாளச் சொற்களும் சேர்த்து வழங்கப்பட்டன. பாட்டைப் பரிந்துரைக்கும் கணினி முறைகளை வளர்த்த பலர் அதில் பயிற்சி பெற்றவர்கள். கம்பெனிகள் இன்று தங்கள் சொத்து என்று சொல்லிக்கொள்ளும் பரிந்துரை அறிவின் அடியில் பெயர் தெரியாத ரசிகர்களின் உழைப்பு இருக்கிறது.

ரசிகர்களே முன்னின்று ஒரு குழுவைத் தூக்கிவிட்டதற்கு ஆர்க்டிக் மங்கீஸ் நல்ல உதாரணம். ஷெஃபீல்டு நகரத்துப் பையன்கள். ஆரம்பகாலக் கச்சேரிகளில் தங்கள் பாட்டுகளைச் சி.டி.யில் பதிந்து, வந்தவர்களுக்கு இலவசமாகக் கொடுத்தார்கள். வாங்கிப் போனவர்கள் அதை இணையத்தில் ஏற்றிப் பகிர்ந்தார்கள். மைஸ்பேஸ் என்ற சமூக வலைத்தளத்தில் அவர்களுக்குப் பக்கம் திறந்ததே ரசிகர்கள்தான். 2006 ஜனவரியில் முதல் ஆல்பம் வந்தபோது பிரிட்டனில் ஒரே வாரத்தில் 3,60,000 பிரதிகளுக்கு மேல் விற்றது. கேட்பவர்களுக்கு முன்பே பாட்டுகள் மனப்பாடம். பாட்டு இலவசமாகப் பரவினால் விற்பனை படுத்துவிடும் என்று அன்று கம்பெனிகள் நம்பிக்கொண்டிருந்ததை நினைத்துக்கொண்டு இந்த எண்ணைப் பாருங்கள்.

அந்த மைஸ்பேஸ் பின்னால் என்ன ஆனது என்பது துயரமான கதை. சர்வர் மாற்றும்போது 2003 முதல் 2015 வரை ஏற்றப்பட்ட இசைக்கோப்புகள் அழிந்துவிட்டன என்று 2019இல் தெரியவந்தது. ஐந்து கோடிக்கு மேற்பட்ட பாட்டுகள் என்று சொல்லப்பட்டது. வேறெங்கும் பிரதி வைத்துக்கொள்ளாத இளம் கலைஞர்களின் முதல் முயற்சிகள் அவற்றில் எத்தனை இருந்திருக்கும்!

ரசிகர்கள் தாங்களாகவே கட்டிய இத்தகைய வட்டங்களைப் பெரிய நிறுவனங்கள் மேலிருந்து கட்ட முயன்று தோற்றன. ஆப்பிள் 2010 செப்டம்பரில் ஐடியூன்ஸ் என்ற தன் இசைக்கடைக்குள் பிங் என்று ஒரு நண்பர் வட்டத்தைத் திறந்தது, இரண்டே ஆண்டில் மூடியது. கடை வாசலில் நின்று பேசச் சொன்னால் யார் பேசுவார்கள்? அங்கே பேசக்கூடியதெல்லாம் விலைக்கு இருக்கும் சரக்கைப் பற்றித்தான். ஆனால் 2011இல் வந்த டர்ன்டேபிள்.எஃப்எம்முக்காக நான் வருந்துகிறேன். ஓர் அறை, அதில் ஐந்து பேர் மாறி மாறிப் பாட்டுப் போடுவார்கள், மற்றவர்கள் கூட்டமாக நின்று கேட்பார்கள், பிடித்தால் திரையில் இருக்கும் பொம்மை தலையாட்டும். மக்கள் அதில் விழுந்து கிடந்தார்கள். உரிமச் சிக்கலால் சில வாரங்களிலேயே அமெரிக்காவுக்கு வெளியே இருப்பவர்களுக்குக் கதவு சாத்தப்பட்டது. 2013 கடைசியில் அதுவும் நின்றது. கையிலிருந்த பணத்தில் கால் பங்குக்கு மேல் வக்கீல்கள், ராயல்டி, அது தொடர்பான செலவுகளுக்கே போனதாக நிறுவனர் எழுதினார். ராயல்டி கொடுக்கத்தான் வேண்டும், அதில் இரண்டு பேச்சு இல்லை. ஆனால் பத்துப் பேரைப் பாட்டுக்குள் இழுத்து வரும் சிறு முயற்சியிடமும், கோடிக்கணக்கில் விளம்பரம் விற்கும் பெருநிறுவனத்திடமும் ஒரே தோரணையில் கட்டணம் கேட்டால் சிறியது பிழைக்காது. தனக்கு ஆள் பிடித்துக் கொடுத்த ஒரு தோழரை இசைத்தொழில் அன்று இழந்தது.

ஸ்பாட்டிஃபை 2015 ஜூலையில் 'டிஸ்கவர் வீக்லி' என்ற பட்டியலைத் தொடங்கியது. திங்கட்கிழமைதோறும் உங்களுக்கென்று முப்பது பாட்டுகள். கேட்டவர்கள் வியந்துபோனார்கள், இயந்திரம் என் மனதைப் படித்துவிட்டது என்றார்கள். இயந்திரம் படித்தது மற்றவர்கள் உருவாக்கி வைத்த பிளேலிஸ்ட்களை. ஈரோட்டில் ஒருவர் தன் ராத்திரிப் பயணங்களுக்காக அடுக்கிய பட்டியலில் நீங்கள் விரும்பும் பத்துப் பாட்டும் நீங்கள் கேட்டிராத ஒரு பாட்டும் இருந்தால், அந்தப் பதினோராவது பாட்டு உங்களுக்கு வரும். அதைக் கொடுத்தவர் ஈரோட்டுக்காரர். அவர் பெயர் எங்கும் வராது. லாஸ்ட்.எஃப்எம்மில் அண்டை வீட்டாராக இருந்தவர் இங்கே கணக்குக்குள் கரைந்துவிட்டார். பாட்டு கிடைக்கிறது, பாட்டின் பின்னால் இருந்த மனிதத் தொடர்பு போய்விடுகிறது. ஒருவர் சொல்லிக் கேட்ட பாட்டை நாம் இன்னொருவருக்குச் சொல்வோம். கணினி போட்ட பாட்டு ஓடி முடிந்ததும் அடுத்ததற்குப் போய்விடுகிறோம். கேட்ட எண்ணிக்கை ஏறுகிறது, ரசிகர் உருவாவதில்லை. இசைத்தொழில் கவலைப்பட வேண்டியது இதற்காகத்தான்.

டிக்டாக் வந்தபோது நிலைமை இன்னும் தீவிரமானது. 2018 டிசம்பரில் லில் நாஸ் எக்ஸ் என்ற 19 வயது இளைஞர், இணையத்தில் 30 டாலருக்கு வாங்கிய தாளக்கட்டின் மேல் 'ஓல்ட் டவுன் ரோட்' பாட்டைப் பாடி வெளியிட்டார். டிக்டாக்கில் பிள்ளைகள் அதை வைத்துக் கௌபாய் உடைக்கு மாறும் வீடியோக்களைப் போட்டார்கள். கொலம்பியா ரெகார்ட்ஸ் அவரை ஒப்பந்தம் செய்தது. 2019இல் அமெரிக்காவின் பில்போர்ட் பாட்டுப் பட்டியலில் தொடர்ந்து 19 வாரம் முதலிடம், அதுவரை எந்தப் பாட்டும் தொடாத காலம். அதன் பிறகு எல்லாக் கம்பெனிகளிலும் டிக்டாக்கைப் பார்ப்பதே வேலையாக ஆட்கள் உட்கார்ந்தார்கள்.

ஆனால் விளம்பரம் கிடைப்பதே கூலி ஆகிவிடுமா? இந்தக் கேள்வியில்தான் 2024இல் பெரும் மோதல் வெடித்தது. உலகின் மிகப் பெரிய இசை நிறுவனமான யுனிவர்சல், டிக்டாக்கோடு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மறுத்து பிப்ரவரித் தொடக்கத்தில் தன் பாட்டுகளை விலக்கிக்கொண்டது. தங்கள் மொத்த வருமானத்தில் டிக்டாக்கிலிருந்து வருவது ஒரு சதவீதம் அளவுதான் என்று வெளிப்படையாக எழுதினார்கள். செயற்கை நுண்ணறிவால் செய்யப்படும் பாட்டுகளைப் பற்றிய அச்சமும் அதில் இருந்தது. லட்சக்கணக்கான வீடியோக்கள் ஊமையாயின. மே மாதத் தொடக்கத்தில் சமரசம் வந்தது. இரண்டு தரப்பிலும் நியாயம் உண்டு என்று நான் மழுப்பப்போவதில்லை. கண்டடையும் இடத்தில் ரசிகர் நாள் முழுவதும் தங்கிவிட்டால், அந்த இடம் கூலி கொடுத்தே ஆக வேண்டும். பாட்டை அறிமுகப்படுத்திவிட்டு ஆளை வெளியே அனுப்பிய ஷஸாமுக்கும், பாட்டை வைத்தே ஆளைப் பிடித்து வைத்திருக்கும் டிக்டாக்குக்கும் இந்த வித்தியாசம் இருக்கிறது.

இந்தியாவில் டிக்டாக் 2020 ஜூன் கடைசியில் தடை செய்யப்பட்டது. அந்த வேலையை இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் எடுத்துக்கொண்டது. 2021இல் இலங்கையின் யொஹானியும் சதீஷனும் சேர்ந்து புதிதாகப் பாடிய 'மணிகே மகே ஹித்தே' சிங்களம் ஒரு சொல்லும் தெரியாத இந்தியர்களின் வாயில் புகுந்தது ரீல்ஸ் வழியாகத்தான். தமிழில் நடந்ததோ வேறு மாதிரி. இயக்குநர் ஒருவர் பழைய பாட்டைத் தன் படத்தில் ஒலிக்க விடுகிறார், அது ரீல்ஸில் பற்றிக்கொள்கிறது. 1995இல் வந்த 'அசுரன்' படத்தின் 'சக்கு சக்கு வத்திக்குச்சி' 2022இல் 'விக்ரம்' வழியாகத் திரும்பி வந்தது. தேவா இசையமைத்த 'கரு கரு கருப்பாயி' 2023இல் 'லியோ' வழியாக வந்தது. 2024இல் 'மஞ்சும்மல் பாய்ஸ்' என்ற மலையாளப் படம் 'குணா' படத்தின் 'கண்மணி அன்போடு காதலன்' பாட்டை 33 ஆண்டுகளுக்குப் பிறகு மீண்டும் ஊரெங்கும் ஒலிக்க வைத்தது. இளையராஜா தரப்பிலிருந்து வக்கீல் நோட்டீஸ் போன செய்தியையும் எல்லோரும் படித்திருப்பீர்கள்.

இப்படிப் பழைய பாட்டு திரும்பி வரும்போது அதைத் தேடுபவருக்கு என்ன பெயர் கிடைக்கிறது? இங்கேதான் நம் வீட்டுக் குறை இருக்கிறது. எண்பதுகள், தொண்ணூறுகளின் தமிழ்ப் பாட்டுகள் பல, செயலிகளில் இசையமைப்பாளர் பெயரோடு நின்றுவிடுகின்றன. எழுதியவர் பெயர் இல்லை. சில இடங்களில் பாடியவர் பெயரே தவறு. கோரஸ் பாடியவர்கள், வயலின், தபேலா வாசித்தவர்கள் பேச்சுக்கே இடமில்லை. இலங்கை வானொலி அறிவிப்பாளர் ஒரு மூச்சில் சொன்னதை, உலகத்தின் அறிவையெல்லாம் அடக்கியதாகச் சொல்லப்படும் கைபேசி சொல்லவில்லை.

இது மரியாதைக் குறைவு மட்டும்தானா என்றால், இல்லை, பணமும் இங்கேதான் நின்றுபோகிறது. ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் ஐ.எஸ்.ஆர்.சி. என்று பன்னிரண்டு எழுத்தெண்கள் கொண்ட அடையாளம் உண்டு. செயலிகள் பாட்டைக் கண்டுகொள்வதும் கணக்கு வைப்பதும் அதைக் கொண்டு. ஆனால் அது ஒலிப்பதிவின் அடையாளம். பாடலும் மெட்டும் சேர்ந்த படைப்புக்குத் தனியாக ஐ.எஸ்.டபிள்யூ.சி. என்று வேறு அடையாளம். எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் போக வேண்டிய பங்கு இதன் வழியாக நடக்கிறது. இந்த இரண்டையும் இணைக்கும் வரி விடுபட்டால், பாட்டு கோடி முறை ஒலித்தாலும் கவிஞரின் பங்கு வழியில் தேங்கிவிடும்.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. 2012இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டப்படி, சினிமாப் பாட்டை எழுதியவரும் இசையமைத்தவரும், படம் தியேட்டரில் ஓடுவது தவிர்த்த மற்றப் பயன்பாடுகளுக்கான ராயல்டியில் சம பங்கு பெறும் உரிமையைத் தயாரிப்பாளருக்கோ கம்பெனிக்கோ விட்டுக்கொடுக்கவே முடியாது. எழுதிக் கொடுத்தாலும் செல்லாது. அந்தப் பங்கை வசூலித்துப் பகிர்ந்து கொடுக்க ஐ.பி.ஆர்.எஸ். என்ற சங்கம் இருக்கிறது. அதில் உறுப்பினராகி, ஒவ்வொரு பாட்டையும் பதிவு செய்தவருக்கே பணம் போகும். திரைக்கு வெளியே சொந்தமாகப் பாட்டுப் போடும் பிள்ளைகள் இதை முதல் நாளே செய்ய வேண்டும். அவர்களுக்கு இன்னொரு தடையும் இருக்கிறது. 2024 முதல் ஸ்பாட்டிஃபையில் பன்னிரண்டு மாதத்தில் ஆயிரம் முறையாவது ஒலிக்காத பாட்டின் ஒலிப்பதிவுக்கு ராயல்டி கிடையாது. அந்த முதல் ஆயிரத்தை எட்ட வைப்பது, ஒருவர் இன்னொருவருக்குச் சொல்லும் வாய்வார்த்தைதான்.

இரண்டு பெயர்களையும் காப்பாற்றும் ஓர் இடத்தை நான் மதிக்கிறேன். 2008இல் தொடங்கிய பேண்ட்கேம்ப். ஒரு ஆல்பத்தின் பக்கத்தைத் திறந்தால் கீழே சின்னச் சின்னப் படங்கள் வரிசையாக இருக்கும். அவர்கள் அந்த ஆல்பத்தைக் காசு கொடுத்து வாங்கியவர்கள். சிலர் ஏன் பிடித்தது என்று ஒரு வரி எழுதியிருப்பார்கள். ஒரு படத்தைத் தட்டினால் அவர் வாங்கி வைத்திருக்கும் மற்ற ஆல்பங்கள் தெரியும், அங்கிருந்து இன்னொரு கலைஞர், அவருக்குக் கீழே இன்னும் பல ரசிகர்கள். டிஜிட்டல் விற்பனையில் பதினைந்து சதவீதத்தை நிறுவனம் எடுத்துக்கொள்ளும், பணப் பரிமாற்றச் செலவு போக மீதி கலைஞருக்கு. உரிமையாளர் கைமாறிக் கைமாறி அந்த நிறுவனமும் அடிபட்டிருக்கிறது. ஆனாலும், விரும்பியவர் யார் என்பதும் செய்தவர் யார் என்பதும் ஒரே பக்கத்தில் தெரியும்போது காசு தானாகப் புரள்கிறது என்பதை அது காட்டிவிட்டது.

நம் கம்பெனிகளிடம் நான் கேட்பது ஒரு வேலை. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் சிங்கப்பூரிலும் இசைத்தட்டுச் சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் இருக்கும் எல்.பி. உறைகளிலும் கேசட் அட்டைகளிலும், படங்களின் டைட்டில் கார்டுகளிலும், அன்றைய பாட்டுப் புத்தகங்களிலும் எழுதியவர், பாடியவர் பெயர்கள் அச்சாகி இருக்கின்றன. பாட்டுகளின் உரிமை வைத்திருக்கும் நிறுவனங்கள் அவர்களோடு உட்கார்ந்து, படம் படமாகப் பெயர்களைச் சரிபார்த்து, செயலிகளுக்கு மறுபடி அனுப்ப வேண்டும். வாசித்த கலைஞர்களின் பெயர்கள் உறைகளில் இருக்காது, ஒலிப்பதிவுக் கூடத்தில் இருந்தவர்களைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும். அவர்களில் பலருக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. அதனால் அந்தப் பட்டியலை முதலில் எடுங்கள், மற்றவற்றை அடுத்து வைத்துக்கொள்ளலாம்.